ருத்ரோத்காரி வருஷத்துக் கணக்கு நோட்டு

2022ஆம் ஆண்டு, திருவல்லிக்கேணி வீட்டை விற்க முடிவு செய்தோம். வாங்க வந்தவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். வங்கியின் வழக்கறிஞர் எங்கள் பத்திரக் கட்டைப் பொறுமையாகப் புரட்டினார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உயிலின் ஜெராக்ஸ் இருக்கிறது. ப்ரொபேட் எங்கே?" என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

வீட்டின் வரலாறு சுருக்கமானது. அது என் பெரிய தாத்தாவுடையது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1976இல் உயில் எழுதி, தம்பியான என் தாத்தாவுக்கு வீட்டைக் கொடுத்தார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் அவருக்கே தந்தார். 1981இல் காலமானார். 1992இல் தாத்தா வீட்டை என் அப்பாவுக்கு செட்டில்மென்ட் எழுதினார். அந்தப் பத்திரத்தில் "என் மூத்த சகோதரர் எழுதிய உயிலின்படி எனக்குப் பாத்தியப்பட்டு" என்று ஒரு வரி மட்டும் இருந்தது. நீதிமன்றம், வழக்கு எண் என்று எதுவும் இல்லை. எங்களிடம் இருந்ததோ உயிலின் மங்கிய ஜெராக்ஸ். அசலை வீடு மாறும்போது தாத்தா தொலைத்துவிட்டார் என்பதுதான் குடும்பத்தில் நிலைத்த கதை. பாட்டி கடைசி மூச்சு வரை அவரை அதற்காகத் திட்டினார்.

ப்ரொபேட் என்றால், "இந்த உயில் உண்மையானது, முறைப்படி எழுதப்பட்டது" என்று நீதிமன்றம் முத்திரையிட்டு உயிலை நிறைவேற்றுபவருக்குத் தரும் சான்று. எல்லா ஊரிலும் எல்லோருக்கும் அது தேவைப்பட்டதில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் 57, 213 ஆகிய பிரிவுகளைச் சேர்த்துப் படித்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் உரிமையியல் அதிகார எல்லைக்குள், அதாவது பழைய சென்னை நகருக்குள், ஒரு இந்து உயில் எழுதியிருந்தாலும், வேறு ஊரில் எழுதிய உயிலில் அந்த எல்லைக்குள் உள்ள வீடோ மனையோ இடம்பெற்றிருந்தாலும், அந்த உயிலைக் காட்டி நீதிமன்றத்தில் உரிமையை நிலைநாட்ட ப்ரொபேட் கட்டாயமாக இருந்தது. தஞ்சாவூர்க்காரர் தஞ்சாவூர் நிலத்துக்கு எழுதிய உயிலுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. 2002இல் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு வந்தது. 2025 டிசம்பரில் 213ஆம் பிரிவையே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. என் தேடல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் நண்பர் ஒருவர் கும்பகோணத்துப் பூர்வீக வீட்டுக்காக நீதிமன்றப் படிகளை மாதக்கணக்கில் தேய்த்தார். அந்த உயிலுக்கு யாரும் ப்ரொபேட் வாங்கியிருக்கவே இல்லை, வாங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இல்லாத கோப்பை எந்த ஆவண அறையில் தேடுவது? சொத்து எங்கே இருக்கிறது, உயில் எங்கே எழுதப்பட்டது, எழுதியவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துகொண்டு புறப்படுவது நல்லது. பழைய சென்னை நகர எல்லைக்குள் என்றால் உயர் நீதிமன்றம். வெளியே என்றால், யாராவது மனுப் போட்டிருந்தால், மாவட்ட நீதிமன்றம்.

நான் இப்படி ஒழுங்காக ஆரம்பிக்கவில்லை. வில்லங்கச் சான்றை எடுத்துப் பார்த்தேன். அதில் 1992 செட்டில்மென்ட் இருந்தது, உயிலைப் பற்றிப் பேச்சே இல்லை. "உயில் பதிவாகவில்லை" என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வெளியே இருந்த பத்திர எழுத்தர் சிரித்தார். அசையாச் சொத்துப் பரிமாற்றங்கள் 1ஆம் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்று அதிலிருந்து வருவது. பதிவு செய்த உயில் ஏறுவது 3ஆம் புத்தகத்தில். உறையிட்டு ஒப்படைத்த உயில்களுக்கு 5ஆம் புத்தகம். எழுதியவர் உயிருடன் இருக்கும்வரை 3ஆம் புத்தகத்திலிருந்து அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டுமே நகல் கிடைக்கும். இறந்த பிறகு, இறப்புச் சான்றுடன் யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும். 3ஆம் புத்தகத்திலும் தேடச் சொன்னேன். அங்கேயும் இல்லை. பதிவு கட்டாயமில்லை என்பதால் பெரிய தாத்தா பதிவு செய்யவில்லை.

இதற்கிடையில் ஒரு வழக்கறிஞர், "பழையதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாகவே ப்ரொபேட் மனுப் போட்டுவிடலாம்" என்றார். மனுவின் வரைவுகூட அவரிடம் தயாராக இருந்தது. அசல் உயில் கையில் இல்லை, சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் உயிருடன் இல்லை, உயிலை நிறைவேற்ற வேண்டிய தாத்தாவும் இல்லை. இதை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? ஏற்கெனவே ஒரு ப்ரொபேட் இருந்திருந்தால் அந்த மனுவே அபத்தம். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பினேன். நீதிமன்ற விதிகளின்படி விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்தது. பதில் சரியானதுதான், அறியாமை என்னுடையது. வழக்குக் கோப்புகளின் நகல்களை உயர் நீதிமன்றங்களின் சொந்த விதிகளின் வழியாகவே பெற வேண்டும், தகவல் உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கு வழி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் தெளிவாகச் சொல்லியிருந்தது. எனக்கு அதில் போனது ஒரு மாதம்.

பிறகுதான் பாரிமுனையில் இருக்கும் உயர் நீதிமன்றத்துக்குப் போனேன். 1892இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தைச் சிறு வயதிலிருந்து பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். உள்ளே போக ஒரு காரணம் வந்தது அன்றுதான். அடையாள அட்டையைக் காட்டி நுழைவுச் சீட்டு வாங்கி, தெரிந்தவர் அனுப்பிய ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்தேன். எழுபதை நெருங்கியவர், கக்கத்தில் எப்போதும் ஒரு கட்டு. நான் பெரிய தாத்தாவின் பெயரையும் இறந்த தேதியையும் சொன்னேன். அவர் அசையவில்லை.

"நம்பர்?"

"நம்பரைத்தான் தேட வந்திருக்கிறேன்."

"வருஷமாவது தெரியுமா?"

"1981இல் இறந்தார். அதே வருஷமாகத்தான் இருக்கும்."

"சார், இறந்த வருஷத்தில் அழுவார்கள். கோர்ட்டுக்கு வருவது பணம் வேண்டியபோது."

பத்து வழக்கறிஞர்களிடம் கேட்டதைவிட அதிகம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஒருவர் இறந்து ஏழு நாள் கழிந்துதான் ப்ரொபேட் வழங்கலாம் என்று சட்டத்தில் குறைந்தபட்ச இடைவெளி உண்டு. ஆனால் குடும்பங்கள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். என் கையில் இருந்த எல்லைகள் இரண்டு: 1981 மரணம், 1992 செட்டில்மென்ட். நடுவே பன்னிரண்டு வருஷப் பதிவேடுகள். கணினியில் பெயரைப் போட்டுத் தேடினேன், எதுவும் வரவில்லை. அந்தக் காலத்து வழக்குக்கு அது எதிர்பார்க்க வேண்டியதே. குமாஸ்தா சொன்ன வழி எளிமையானது. "வீட்டுக்குப் போங்கள். நம்பர் உங்கள் வீட்டில்தான் இருக்கும். இல்லையென்றால் வருஷமாவது இருக்கும்."

வீட்டில் எதைத் தேடுவது என்றும் அவரே சொன்னார். சொத்து வரி பெயர் மாற்றத்துக்குக் கொடுத்த மனுவின் நகல், மின் இணைப்புப் பெயர் மாற்றக் கடிதம், வங்கிக்கோ தபால் அலுவலகத்துக்கோ இறந்தவர் கணக்கை முடிக்க எழுதிய கடிதம், வழக்கறிஞரின் ரசீது. முக்கியமாக, செய்தித்தாள் அறிவிப்பு. ப்ரொபேட் மனு போட்டால், "ஆட்சேபம் உள்ளவர்கள் வரலாம்" என்று சைட்டேஷன் என்ற அறிவிப்பு வெளியிடுவது வழக்கம். அந்தக் கட்டத்துக்குள் வழக்கு எண் அச்சாகியிருக்கும்.

எங்கள் வீட்டுப் பெட்டிகளில் எதுவும் இல்லை. தாம்பரத்தில் இருக்கும் அத்தையிடம் போனேன். தாத்தாவின் வரவு செலவு நோட்டுகளை அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். தாத்தா சிக்கனக்காரர், அதைவிடப் பெரிய கணக்குக்காரர். வெற்றிலை நாலணா முதல் எழுதிவிடுவார். ஆனால் ஆங்கிலத் தேதி போடமாட்டார். தமிழ் வருஷம், தமிழ் மாதம். இரண்டு மாலை முழுவதும் நானும் அத்தையும் தரையில் உட்கார்ந்து புரட்டினோம். மூன்றாவது நோட்டில் கிடைத்தது: ருத்ரோத்காரி, ஆவணி. "பேப்பர் நோட்டீஸ் வகைக்கு" என்று ஒரு வரி. அதற்கு மேலே "ஐகோர்ட் ஸ்டாம்பு", "வக்கீல் குமாஸ்தா காபி".

"ருத்ரோத்காரி என்றால் என்ன வருஷம் அத்தை?"

"ரக்தாட்சியில்தான் இந்திரா காந்தி போனார். அதற்கு முந்தின வருஷம்" என்றார், விரலைக்கூட மடக்காமல்.

1983. பன்னிரண்டு வருஷம் ஒரு வருஷமாகச் சுருங்கியது. இன்றைக்கு யாராவது என்னிடம் வழி கேட்டால், நீதிமன்ற இணையதளத்தைக் காட்டுவதற்கு முன்பு வீட்டின் மூத்த பெண்மணியின் பெட்டியைத் திறக்கச் சொல்வேன்.

வருஷம் தெரிந்தபின்னும் பெயர் படுத்தியது. வீட்டில் அழைத்த பெயர் வேறு, உயிலில் உள்ள பெயர் வேறு. பதிவேடு ஆங்கிலத்தில். தகரத்துக்கு ஹெச் சேர்த்தும் சேர்க்காமலும், ழகரத்தை எல் என்றும் இசட்ஹெச் என்றும், சாதிப் பெயருடனும் அது இல்லாமலும், இனிஷியல் ஒன்றாகவும் இரண்டாகவும் எழுதிப் பார்த்தால் ஒரே மனிதர் பத்துப் பேராகிவிடுகிறார். புறப்படும் முன் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்வது உதவும். இறந்தவர் பெயரை மட்டும் பார்க்காமல் மனுதாரர் பெயரையும் பார்க்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது மனுதாரரான தாத்தாவின் பெயரில்தான்.

பதிவேட்டில் அந்த வரியின் ஓரத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. எதிர்ப்பில்லாத ப்ரொபேட் மனு ஓ.பி. (ஒரிஜினல் பெட்டிஷன்) என்ற வரிசையில் ஓடும். யாராவது கேவியட் என்ற ஆட்சேப மனுப் போட்டு எதிர்த்தால், அது டி.ஓ.எஸ். (டெஸ்டமென்டரி ஒரிஜினல் சூட்) என்ற உயில் வழக்காக மாறி, புது எண்ணும் சில சமயம் புது வருஷமும் வாங்கிக்கொள்ளும். பழைய எண்ணோடு நின்றுவிட்டால் தேடல் பாதியில் முடிந்துவிடும். எங்கள் ஓ.பி. 1984இல் டி.ஓ.எஸ். ஆகியிருந்தது. எதிர்த்தவர் யார்? குமாஸ்தா வாசித்துச் சொன்னார். என் சின்னத் தாத்தா, தாத்தாவின் கடைசித் தம்பி. இரண்டு வீட்டுக்கும் ஏன் பேச்சு இல்லை என்பதற்கு என் சிறு வயதில் பல காரணங்கள் சொல்லப்பட்டிருந்தன. வழக்கு என்று யாரும் சொன்னதில்லை.

கோப்பைப் பார்க்க நான் யார் என்ற கேள்வி அடுத்து வந்தது. வழக்கின் தரப்பினர் கேட்டால் நகல் எளிது. மூன்றாம் நபர் என்றால், எதற்காகக் கேட்கிறேன் என்று பிரமாணப் பத்திரத்துடன் மனுப் போட வேண்டும். நான் தரப்பினர் இல்லை, ஆனால் தரப்பினரின் வழித்தோன்றல். தாத்தாவின் இறப்புச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, செட்டில்மென்ட் பத்திரம் என்று சங்கிலியில் ஒரு கண்ணி விடாமல் இணைத்தோம். அப்பாவின் வாரிசுச் சான்று முன்பே வாங்கியிருந்ததால் பிழைத்தேன். இல்லாதவர்கள் முதலில் அதற்கு விண்ணப்பித்துவிட்டு மற்றதை ஆரம்பிக்கலாம்.

நகல் மனுவில் நான் செய்த தவறு ஒன்று. பக்கங்களை எண்ணி, இத்தனைக்கு ஸ்டாம்ப் கட்ட வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள். குறித்த நாளுக்குள் கட்டவில்லை என்றால் மனு நீங்கிவிடும். குமாஸ்தா சொல்லியும், ஒரு கல்யாணத்துக்காக மதுரை போய்விட்டேன். திரும்பி வந்தபோது என் மனு இல்லை. மறுபடியும் முதலிலிருந்து. சான்றிட்ட நகலின் பின்பக்கத்தில் மனுச் செய்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக இருக்கும். என் இரண்டாவது நகலில் அந்தத் தேதிகள் ஒழுங்காக இருக்கின்றன. முதலாவதின் கதை அதில் இல்லை என்பதில் எனக்கு ஆறுதல்.

எதெதற்கு நகல் கேட்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். வங்கிக்கு வேண்டியது ப்ரொபேட்டும் உயிலும்தான். நான் மனு, சொத்துப் பட்டியல், சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் பிரமாணப் பத்திரம், கேவியட், நீதிமன்ற உத்தரவு, பிறகு தாத்தா தாக்கல் செய்த சொத்து விவரமும் கணக்கும் எல்லாவற்றையும் கேட்டேன். உயிலை நிறைவேற்றுபவர் ப்ரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும் ஒரு வருஷத்துக்குள் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டும் என்று 317ஆம் பிரிவு சொல்கிறது. பலர் செய்வதில்லை. தாத்தா செய்திருந்தார். வெற்றிலைக்குக் கணக்கு எழுதியவர் செய்யாமல் இருப்பாரா?

கோப்பைப் பார்வையிட்ட நாளில் கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது உயில். ஜெராக்ஸ் இல்லை. அசல். ஊதா மையில் பெரிய தாத்தாவின் கையெழுத்து, கீழே இரண்டு சாட்சிகள். ப்ரொபேட் வழங்கப்பட்ட உயிலின் அசலை நீதிமன்றம் தன் ஆவணங்களோடு வைத்துப் பாதுகாக்க வேண்டும். குடும்பத்துக்குப் போவது முத்திரையிட்ட ப்ரொபேட்டும் அதனுடன் இணைத்த உயிலின் நகலும்தான். சட்டத்தின் 294ஆம் பிரிவு அது. தாத்தா எதையும் தொலைக்கவில்லை. கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்திருந்தார். பாட்டிக்கு அதை எப்படிச் சொல்லாமல் இருந்தார் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒருவேளை சொல்லியிருப்பார், பாட்டி கேட்டிருக்க மாட்டார்.

வழக்கு பெரிதாக ஓடவில்லை. சின்னத் தாத்தா 1985இல் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றார், ப்ரொபேட் வழங்கப்பட்டது. சான்றிட்ட நகலை வங்கி வழக்கறிஞர் ஏற்றுக்கொண்டார். ஆனால் ப்ரொபேட் உயிலின் உண்மையை மட்டுமே நிலைநாட்டும்; வீடு பெரிய தாத்தாவுக்கு எப்படி வந்தது என்பதை அது பேசாது. அதனால் தாய்ப்பத்திரம், வரி ரசீதுகள் என்று அவர் கேட்ட மற்றவற்றையும் கொடுத்தோம். அது தனிக் கதை, அதில் சுவாரசியம் கிடையாது.

என் தேடல் நாற்பது வருஷம்தான் பின்னோக்கிப் போனது. இருநூறு வருஷம் போகிறவர்களும் இருக்கிறார்கள் என்று அந்தத் தாழ்வாரத்தில்தான் தெரிந்துகொண்டேன். மதராஸில் 1726இல் மேயர் நீதிமன்றம், 1801இல் சுப்ரீம் கோர்ட், 1862இல் உயர் நீதிமன்றம் என்று அமைப்பு மாறி வந்திருக்கிறது. கம்பெனிக் காலத்து ஐரோப்பியர்களின் உயில் நகல்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. முன்னோரைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது இங்கே நமக்குக் கிடைப்பதைவிட எளிது என்பதில் கொஞ்சம் பொறாமை உண்டு.

கணக்குத் தாளுக்கு வருகிறேன். உயிலில் ஒரு வரி இருந்தது: சின்னத் தாத்தாவின் மகளுக்கு ஐந்தாயிரம் ரூபாய். தாத்தாவின் கணக்கில் அந்தத் தொகை கொடுத்ததாகக் காட்டியிருந்தது. கூடவே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய ரசீது, அந்த மகளின் கையெழுத்துடன். "உங்கள் தாத்தா எங்களுக்கு ஒரு பைசா தரவில்லை" என்று அந்தப் பக்கத்தார் சொல்லிச் சொல்லி எங்கள் தலைமுறைவரை வந்த பேச்சு. எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து உட்கார்ந்தான். வங்கிக்குத் தேவைப்படாத அந்த ரசீதின் நகலை வாங்கியது அதற்காகத்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த மகள் எனக்கு அத்தை முறை, கோயம்புத்தூரில் இருக்கிறார். எண்ணைத் தேடிப் பிடித்து, ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரல் நிதானமாக இருந்தது.

"என் கையெழுத்துதான் தம்பி. அப்பா ஒரு காகிதத்தை நீட்டினார், போட்டேன். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பணத்தை நான் பார்க்கவில்லை."

நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பெரிய தாத்தாவின் உயிலை முழுதாகப் படிக்க வேண்டும் என்றார். அன்றே தபாலில் ஒரு பிரதி அனுப்பினேன்.